நீ சொல், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்

புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் வழிகாட்டி ஆசிரியப் பெருமக்களே!

கேலி, மிரட்டல், அடிதடி, அன்றாடப் பாதுகாப்பு பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேச உங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆசிரியர் கூட்டத்தில் "இந்தப் பயிற்சிக்கு யார் போறீங்க?" என்று தலைமையாசிரியர் கேட்டபோது எல்லோரும் குனிந்துகொண்டார்கள், நீங்கள் குனியச் சற்றுத் தாமதித்துவிட்டீர்கள். போகட்டும். காலையில் பவர்பாயிண்ட், பதினொரு மணிக்குத் தேநீரும் சமோசாவும், மதியம் வெஜிடபிள் பிரியாணி, மூன்றரை மணிக்குக் குழுப் புகைப்படம், நான்கு மணிக்குச் சான்றிதழ். இப்போது நீங்கள் நிபுணர். பயிற்சியில் விட்டுப்போன சில பாடங்களை, மூத்தவன் என்ற உரிமையில் நான் நடத்திவிடுகிறேன். இவை எல்லாமே நம் மாநிலத்தில் வெற்றிகரமாக நடைமுறையில் இருப்பவை. நானாக ஒன்றையும் சேர்க்கவில்லை.

முதல் பாடம்: நிகழ்ச்சி

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு முதல் தேவை ஃப்ளெக்ஸ். தாளாளர் படம் பெரிதாக, சிறப்பு விருந்தினர் படம் அதைவிடச் சற்றே சிறிதாக. ஓரத்தில் இணையத்திலிருந்து இறக்கிய ஒரு வெள்ளைக்காரக் குழந்தை முழங்காலில் முகம் புதைத்து அழ வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அழுவதில்லை அல்லவா?

காலை வழிபாடு முடிந்ததும் யாரையும் வகுப்புக்கு விடாதீர்கள். எண்ணூறு பேரையும் வெயிலில் உட்காரவைத்து மைக்கில் கேளுங்கள்: "உங்களை யாராவது கிண்டல் பண்றாங்களா? அடிக்கிறாங்களா? பயப்படாம கையைத் தூக்குங்க!" அடிக்கிறவன் இரண்டு வரிசை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான். ஒரு கையும் உயராது. "இப்பள்ளியில் புகார் ஏதும் இல்லை" என்று அறிக்கை எழுதி, ஜியோ டேக் போட்டோவுடன் வாட்ஸாப் குழுவில் ஏற்றிவிடுங்கள். பாதுகாப்பு முடிந்தது.

பேச ஆள் வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழையுங்கள். தகுதி எதுவும் பார்க்க வேண்டாம். குரல் ஏறி இறங்கினால் போதும். 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு அப்படி ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்குத் தெம்பூட்ட வந்தவர், மாற்றுத்திறனோடு பிறப்பதற்குப் போன பிறவியின் பாவமே காரணம் என்ற பொருளில் பேசினார். ஊனத்தைச் சொல்லிக் கேலி செய்யும் பையனுக்கு இதுவரை ஆதாரம் இல்லாமல் இருந்தது. மேடையும் மைக்கும் போட்டு அதையும் கொடுத்தோம். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுந்து, அங்கேயே கேள்வி கேட்டார். அந்த வளாகத்தில் அன்று கொடுமைப்படுத்தலுக்கு எதிராகப் பாடம் நடத்தியவர் அவர் ஒருவர்தான். அவர் பெயர் அழைப்பிதழில் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி என்.சி.சி. முகாம் நடத்தியது. ஒழுக்கம், துணிச்சல், நாட்டுப்பற்று எல்லாம் கற்றுத்தர வந்தவர் போலி. முகாமும் போலி. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே இல்லை. இரவு பள்ளியிலேயே தங்கவைக்கப்பட்ட சிறுமிகள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்கள் வாய் திறக்காமல் இல்லை. பள்ளியில் சொன்னார்கள். பெரிதுபடுத்த வேண்டாம் என்ற பதில் கிடைத்தது. பிறகு காவல்துறை வந்து, மறைத்ததற்காகப் பள்ளி நிர்வாகத்தினரையும் கைது செய்தது. ஒரு சிலிண்டர் போட வருகிறவரிடம்கூட அடையாள அட்டை கேட்கிற ஊர் இது. பெண்பிள்ளைகளோடு இரவு தங்க வந்தவரிடம் யாரும் கேட்கவில்லை. சீருடை போட்டிருந்தார், விறைப்பாக சல்யூட் அடித்தார், போதாதா?

இரண்டாம் பாடம்: சிரிப்பு

வகுப்பில் ஒருவனை "சோடாபுட்டி" என்கிறார்கள், ஒருத்தியை "கருவாச்சி" என்கிறார்கள், நடையில் கொஞ்சம் நளினம் தெரிகிற பையனை ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் சிரிப்பை அடக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பட்டப்பெயர்களில் பாதியைச் சூட்டியது நம் ஆசிரியர் அறைதான். மீதியைச் சூட்டியது சினிமா. கதாநாயகன் தன் நண்பனை நிறத்துக்காகவும் பருமனுக்காகவும் இரண்டரை மணி நேரம் மிதிப்பதை நகைச்சுவை என்று பெயரிட்டுக் குடும்பத்தோடு பார்த்த சமூகம் இது. பையன் வீட்டில் பார்த்ததை வகுப்பில் ஒப்பிக்கிறான். மனப்பாடம் நம் கல்விமுறையின் பலம்.

பெற்றோர் வந்து கேட்டால் பதில்கள் தயார். "சின்னப் பசங்க, விளையாட்டுக்குச் சொல்லுவாங்க." "ரெண்டு கை தட்டினாத்தான் ஓசை." "உங்க பையனும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போகணும்." இதில் கடைசி வாக்கியம் பெண்பிள்ளைகளுக்கு இரட்டை அளவில் பொருந்தும்.

பெற்றோரிலும் நமக்கு நண்பர்கள் உண்டு. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சுடுங்க சார்" என்று பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்பதைச் சொல்லி அவர்களைக் குழப்ப வேண்டாம். காலையில் பிரம்பால் நான்கு போடுங்கள். மாலையில் அதே கையால் "வலியவன் எளியவனை அடிக்கக் கூடாது" என்று கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்ற கவலை வேண்டாம். எழுதியதை அழித்துவிடலாம்.

மூன்றாம் பாடம்: சட்டம்

நம்மிடம் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் கோபப்படுங்கள். நாட்டுக்கே முன்னோடியாக நம்மிடம் சட்டம் இருக்கிறது. அதற்கு ஒரு பிள்ளையின் உயிர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1997இல் ராகிங் தடுப்புச் சட்டம் வந்தது. வழக்கு என்ன ஆயிற்று? 1998இல் ஆயுள் தண்டனை, 2001இல் உயர்நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்சநீதிமன்றத்தில் மீண்டும் ஆயுள். ஒரு துணைவேந்தர் வீட்டுப் பிள்ளையின் வழக்கு முடியவே பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயை மூடிக்கொள்கிறது.

அந்தச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள், வேண்டாம், படிக்காதீர்கள். படித்தால் தூக்கம் போகும். ஒரு மாணவருக்கு அச்சமோ அவமானமோ கூச்சமோ உண்டாக்குவது, கேலி செய்வது, வசைபாடுவது, மனமொப்பாத ஒன்றைச் செய்யச் சொல்வது எல்லாமே அதில் ராகிங். இரண்டாண்டு வரை சிறை. இன்னும் ஒன்று இருக்கிறது: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத நிறுவனத் தலைவர், குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகவே கருதப்படுவார். அவருக்கும் அதே தண்டனை. போக்சோ சட்டத்திலும் இப்படித்தான். சிறார் மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மறைத்தவர் நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஓராண்டு வரை.

இந்த வரிகள் எந்தப் பயிற்சியின் பவர்பாயிண்டிலாவது பெரிய எழுத்தில் வந்திருக்கின்றனவா? வராது. உதவி எண்களான 1098ஐயும் 14417ஐயும் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். உடந்தை என்ற சொல்லைப் பெரியவர்கள் மறந்துவிட வேண்டும். இதற்குப் பெயர் விழிப்புணர்வு.

நான்காம் பாடம்: சமாதானம்

எல்லாவற்றையும் மீறி ஒரு பிள்ளை வந்து சொல்லிவிட்டது என்று வையுங்கள். பதற்றப்படாதீர்கள். சம்பந்தப்பட்ட இருவரையும் ஒரே அறைக்கு வரவழையுங்கள். அடிபட்டவனைப் பார்த்து, "இவன்தானே அடிச்சான்? அவன் முன்னாடியே சொல்லு" என்று கேளுங்கள். பிறகு அடித்தவனைப் பார்த்து, "ஏன்டா அடிச்சே?" பிறகு அடிபட்டவனை, "நீ என்னடா பண்ணினே?" முடிவில் கைகுலுக்கச் சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்று வாங்கிக் கோப்பில் வையுங்கள். நாலேகால் மணிக்கு இருவரும் ஒரே பேருந்தில் வீட்டுக்குப் போவார்கள். அதற்குமேல் நடப்பது பள்ளி எல்லைக்கு அப்பால்.

"மாணவர் மனசு" என்று அழகான பெயரில் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்கள். அதைத் தலைமையாசிரியர் அறை வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். யார் சீட்டுப் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். திறந்ததும் கையெழுத்தை வைத்து எழுதியது யார் என்று கண்டுபிடியுங்கள். விடைத்தாள் திருத்தித் திருத்தி நமக்கு அதில் நல்ல தேர்ச்சி.

இந்தப் பாடம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நாங்குநேரி இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பட்டியல் சாதி மாணவன். உடன் படித்த ஆதிக்கசாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். பள்ளி காரணம் கேட்டது. சொன்னான். நாம் மேடைதோறும் சொல்லிக்கொடுப்பதைத்தான் செய்தான்: பயப்படாமல், நம்பிக்கையான பெரியவர்களிடம், சொன்னான். 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு அரிவாள் அவன் வீட்டுக்கு வந்தது. தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. புகாரைப் பெற்றுக்கொண்ட பெரியவர்களின் உலகத்திலிருந்து அவன் வீட்டு வாசலுக்கு, அந்த இரவில், அரிவாளைத் தவிர வேறெதுவும் போய்ச் சேரவில்லை.

அடுத்த ஆண்டு அவன் பிளஸ் டூ தேர்வில் 600க்கு 469 எடுத்தான். உடனே வாழ்த்துச் சொல்ல வரிசையில் நின்றோம். வெட்டுப்பட்டும் படித்தான், எல்லோருக்கும் முன்மாதிரி என்றோம். வெட்டுப்படாமல் படிக்கவைப்பது யார் வேலை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

திடீரென்று நடந்துவிட்டது என்று சொல்லவும் வழியில்லை. மணிக்கட்டில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வருவதைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறையே ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியது. அது தமக்குத் தெரியாமல் போய்விட்டது, பழைய நிலையே தொடரும் என்றார் அன்றைய அமைச்சர். அவர் சொன்ன சொல் தவறவில்லை. பழைய நிலை தொடர்ந்தது. நாங்குநேரிக்குப் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டாம், வண்ணக் கயிறு வேண்டாம், அறநெறி வகுப்பு வேண்டும், மாணவர் நலனைக் கவனிக்கத் தனி அலுவலர் வேண்டும் என்று நீண்ட பரிந்துரைகள். அவற்றுள் நாம் விவாதித்தது என்ன? நெற்றியில் திலகம் இடலாமா, கூடாதா என்பதை. சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு உறுப்பினர் அந்த அறிக்கையின் நகலைக் கிழித்தே போட்டார். 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவனைப் பேருந்திலிருந்து இழுத்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாயின. தேர்வு நாளில், எழுதப் போனவனின் விரல்கள்.

ஐந்தாம் பாடம்: ரகசியம்

"உன் பெயர் வெளியே வராது." இதைக் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பழகுங்கள். நமக்கு மேலே உள்ளவர்கள் இதில் கைதேர்ந்தவர்கள்.

2019இல் பொள்ளாச்சி. பாலியல் கொடுமை குறித்து ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார். புகார் கொடுத்ததற்காக அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் செய்தியாளர்களிடம் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் வந்தது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கும்படி உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகம். வளாகத்துக்குள்ளேயே பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி புகார் கொடுத்தார். அவருடைய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை பொதுவெளியில் வந்தது. தொழில்நுட்பக் காரணம் என்றார்கள். உயர்நீதிமன்றம் மறுபடியும் 25 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. ஆட்சி மாறிவிட்டது, ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன, விலைவாசி எவ்வளவோ ஏறிவிட்டது. காட்டிக்கொடுப்பதற்கான விலை மட்டும் பைசா கூடவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவ்வளவு செலவு ஆகாது. வகுப்பு வாட்ஸாப் குழுவில், "ஒரு மாணவி சார்பாக ஒரு விரும்பத்தகாத புகார் வந்துள்ளது, பெற்றோர் வதந்திகளை நம்ப வேண்டாம்" என்று போட்டால் போதும். ஏழு மணிக்குள் ஊருக்கே பெயர் தெரிந்துவிடும்.

ஆறாம் பாடம்: ஜாக்கிரதை

அன்றாடப் பாதுகாப்பு என்ற தலைப்பில் பேசும்போது எப்போதும் பெண்பிள்ளைகளைப் பார்த்தே பேசுங்கள். துப்பட்டாவைச் சரியாகப் போடு, தனியாகப் போகாதே, இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ, முகம் தெரியாதவரிடம் பேசாதே, இன்ஸ்டாகிராமில் படம் போடாதே. பையன்களை அந்த நேரம் விளையாட அனுப்பிவிடுங்கள். அவர்களுக்கு இதில் என்ன வேலை?

கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மாலைச் சிறப்பு வகுப்பு முடியும் நேரத்தில் ஊருக்குப் பேருந்து இருக்கிறதா, நிறுத்தத்துக்குப் போகும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா, பார் எங்கே இருக்கிறது என்ற கேள்விகளை எழுப்பாதீர்கள். அவை உள்ளாட்சி, போக்குவரத்து, மின்வாரியம், டாஸ்மாக் எனப் பல துறைகள் சம்பந்தப்பட்டவை. துப்பட்டா ஒரு துறைக்கும் சம்பந்தப்பட்டதல்ல. ஆகவே நாட்டின் பாதுகாப்பு முழுவதையும் அந்த இரண்டரை மீட்டர் துணியிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

பாடங்கள் இத்துடன் முடிந்தன. இனி கிண்டல் இல்லை.

வழிகாட்டி ஐயா, அம்மா, உங்களில் பலர் நல்லவர்கள் என்பது எனக்குத் தெரியும். நாற்பது பேருக்கு இருக்க வேண்டிய வகுப்பில் அறுபது பேரை வைத்துக்கொண்டு, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் தகவல் ஏற்றி, தேர்தல் வேலையும் பார்த்து, அதற்கு நடுவில் ஒரு பிள்ளையின் முகவாட்டத்தைக் கவனிப்பவர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குப் பேசத் தெரியவில்லை என்று முப்பது வருடமாக அவர்களுக்கே பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நாங்குநேரியில் பேசினார்கள், கிருஷ்ணகிரியில் பேசினார்கள், பொள்ளாச்சியில் பேசினார்கள். ஒவ்வொரு இடத்திலும் கோளாறு கேட்டவர்களிடம் இருந்தது. பயிற்சி தேவைப்படுவது நமக்கு.

அது கடினமான பயிற்சியும் அல்ல. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று பிள்ளையிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். சட்டப்படி சில விஷயங்களை நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். யாரிடம் சொல்லப்போகிறீர்கள், யாரிடம் சொல்ல மாட்டீர்கள் என்பதை முன்கூட்டியே அந்தப் பிள்ளைக்குத் தெரியப்படுத்துங்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒருபோதும் எதிரெதிரே நிறுத்தாதீர்கள். புகாரைப் பற்றி அடித்தவனிடம் கேட்பதற்கு முன்பே, சொன்ன பிள்ளை இன்று மாலை எந்த வழியாக, யாரோடு, எப்படி வீடு போய்ச் சேரும் என்பதை முடிவுசெய்யுங்கள். சாதி வாடை இருந்தால் மன்னிப்புக் கடிதத்தோடு நிறுத்தாதீர்கள். அன்றே காவல் நிலையத்துக்கு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீட்டு வாங்குங்கள். மறுநாள் விசாரியுங்கள். மறுவாரமும் விசாரியுங்கள். வேடிக்கை பார்த்த முப்பது பேரிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ஒரு கொடுமை தொடர்வதும் நிற்பதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அடித்த பையனையும் விட்டுவிடாதீர்கள். அவன் கையில் கயிறு கட்டியது யார், அவன் முதுகில் தட்டிக்கொடுத்தது யார் என்று தேடிப் போங்கள். பல சமயம் அந்தத் தேடல் சங்கத் தலைவர் வீட்டில் போய் நிற்கும். சில சமயம் உங்கள் பக்கத்து நாற்காலியிலேயே நிற்கும். அங்கே பேசத்தான் துணிச்சல் வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கிறோமே, அதே துணிச்சல்.

அது இல்லையென்றால் அடுத்த வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து உண்மையையாவது சொல்லிவிடுங்கள்: "பிள்ளைகளா, எங்களிடம் சொல்லாதீர்கள். நாங்கள் நல்லவர்கள்தான், ஆனால் எங்களுக்குப் பள்ளியின் பெயர் முக்கியம்." அதைக் கேட்டபிறகு அந்தப் பிள்ளைகள் வேறு யாரையாவது தேடிப் போவார்கள். உங்களை நம்பி வந்து வெட்டுப்படுவதைவிட அவர்களுக்கு அது நல்லது.